செல்லப் பாம்பு சாப்பிட மறுக்கிறதா? தாம்பரம் வெயிலில் கூண்டின் வெப்பநிலை எவ்வளவு இருக்கணும்?

எலி வைத்து மூணு வாரம் ஆச்சு, பாம்பு திரும்பிக்கூடப் பார்க்கலை. பால் பைத்தான் வளர்ப்பவர்கள் எல்லாரும் ஒரு நாள் இந்த இடத்துக்கு வந்து நிற்பாங்க. உடனே இணையத்தில் தேடினால் முதல் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "கூண்டின் வெப்பநிலையைப் பாருங்க, சூடு போதாமல் இருக்கலாம்."

தப்பான பதில் இல்லை. ஆனா அது எழுதப்பட்டது வீட்டுக்குள் 20 டிகிரி இருக்கும் ஊர்களுக்கு. மே மாதம் சேலையூரிலோ குரோம்பேட்டையிலோ மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறையில், மதியம் 3 மணிக்கு, மின்விசிறி ஓடும்போதே 35 டிகிரி காட்டும். அந்த அறையில் இருக்கும் கண்ணாடித் தொட்டிக்கு அடியில் ஹீட் மேட் வைத்தால் பாம்புக்குப் பசி வராது, உயிருக்கே ஆபத்து வரும். நம்ம ஊரில் வருஷத்தில் பாதி நாள் பாம்புக்குக் கிடைக்காமல் போவது சூடு இல்லை, ஒதுங்கிக்கொள்ள ஒரு குளிர்ந்த மூலைதான்.

முதலில், இது சட்டப்படி உங்க பாம்பா?

இதைத் தாண்டிவிட்டு வெப்பநிலை பேச முடியாது. சாரை, நல்ல பாம்பு, மண்ணுளி, மலைப்பாம்பு என நம்ம நாட்டுப் பாம்புகள் 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. மழைக்கு வீட்டுக்குள் வந்த குட்டிப் பாம்பைப் பிடித்து டப்பாவில் வைத்துக்கொண்டு "சாப்பிட மாட்டேங்குது" என்று கவலைப்பட்டால், அதற்குத் தீர்வு தெர்மோமீட்டர் இல்லை. வனத்துறைக்குத் தகவல் சொல்லி ஒப்படைப்பதுதான்.

பால் பைத்தான் ஆப்பிரிக்கப் பாம்பு. கானா, டோகோ, பெனின் போன்ற மேற்கு ஆப்பிரிக்க நாடுகள் அதன் சொந்த ஊர். சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் அது இருக்கிறது. 2022-ல் நம்ம சட்டத்தில் வந்த திருத்தத்துக்குப் பிறகு இப்படிப்பட்ட உயிரினத்தை வைத்திருப்பவர்கள் அதைப் பதிவு செய்ய வேண்டும். அதற்கான விதிகள் 2024 பிப்ரவரியில் வந்தன. பரிவேஷ் இணையதளம் வழியாகப் பதிவு நடக்கிறது. கார்ன் பாம்பு சைட்டிஸ் பட்டியலில் இல்லை. அதற்காகக் கடத்தி வந்ததை வாங்கலாம் என்று அர்த்தம் இல்லை.

கடத்தல் பற்றிச் சொல்லக் காரணம் இருக்கு. 2023 ஜனவரியில் சென்னை விமான நிலையத்தில், பாங்காக்கில் இருந்து வந்து யாரும் எடுக்காமல் கிடந்த பைகளில் 45 பால் பைத்தான்களும் 8 கார்ன் பாம்புகளும் இருந்தன. சுங்கத்துறை பறிமுதல் செய்து பாங்காக்குக்கே திருப்பி அனுப்பியது. அது மாதிரி பைக்குள் முடங்கி, தண்ணீர் இல்லாமல் வந்த பாம்பு கைமாறி ஒரு வீட்டுக்கு வந்தால், முதல் நாளே எலியைப் பிடித்துச் சாப்பிடும் என்று எதிர்பார்க்க முடியுமா? ரசீதும் பதிவும் இல்லாமல் "ஃப்ரெஷ் ஸ்டாக்" என்று யாராவது விற்றால் வாங்காதீங்க.

சூட்டுக்கும் பசிக்கும் என்ன தொடர்பு?

நம்ம உடம்பு சாப்பாட்டை எரித்து 37 டிகிரியைத் தானே தக்கவைத்துக்கொள்கிறது. பாம்புக்கு அது முடியாது. சூடு வேண்டுமென்றால் சூடான இடத்துக்குப் போகும், போதும் என்றால் நிழலுக்கு நகரும். முழு எலியை எலும்போடும் முடியோடும் கரைக்க அதன் வயிற்றுக்குச் சூடு கட்டாயம். சாப்பிட்ட சில நாட்களில் பர்மிய மலைப்பாம்பின் இதயமே சுமார் 40 சதவீதம் பெரிதாவதாக ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஜீரணம் அதற்கு அவ்வளவு பெரிய வேலை. சூடு குறைந்தால் வயிற்றுக்குள் இரை அழுக ஆரம்பிக்கும், பாம்பு வாந்தி எடுத்துவிடும். அதனால் குளிர்ச்சியாக இருக்கும்போது சாப்பிடாமல் இருப்பதே பாம்புக்குப் பாதுகாப்பு.

அதிகச் சூட்டில் கதை வேறு. பாம்பு வேட்டையை மறந்து தப்பிக்கும் வழியைத் தேடும்.

எத்தனை டிகிரி சரி?

ஒரே எண் கிடையாது. கூண்டின் ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிர்ச்சியாகவும் இருக்கணும், இரண்டிலும் பாம்பு முழுசாக ஒளிந்துகொள்ள ஒரு மறைவிடம் இருக்கணும். பால் பைத்தானுக்குச் சூடான முனை 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த முனை 25 முதல் 27. இரவில் 24 வரை இறங்கலாம். கார்ன் பாம்புக்கு இரண்டு பக்கமும் சில டிகிரி குறைவு: சூடான முனை 29 முதல் 31, குளிர்ந்த முனை 23 முதல் 25.

கூண்டு முழுவதும் 35-ஐத் தாண்டி, ஒதுங்க இடமே இல்லாமல் போனால் ஆபத்து தொடங்கிவிட்டது. ஹீட்டர் எதுவாக இருந்தாலும் தெர்மோஸ்டாட் வழியாகத்தான் இணைக்கணும். அது இல்லாத ஹீட் மேட்டின் மேலேயே படுத்துக் கிடந்து வயிறு வெந்துபோன பாம்புகள் உண்டு. சூடு தாங்கவில்லை என்று உடனே விலகிப் போக அதற்குத் தெரிவதில்லை.

தாம்பரத்தில் சிக்கல் எங்கே வருது?

பெரும்பாலும் ஏசி ரிமோட்டில். ஓஎம்ஆரில் வேலை, மேடவாக்கத்தில் வீடு என்று வைத்துக்கொள்வோம். இரவு 24-ல் ஏசி ஓடும். காலை 8 மணிக்கு அணைத்துவிட்டுக் கிளம்புவோம். ஜன்னல் மூடிய அறை மதியம் 36-க்குப் போகும். இரவு திரும்பி வந்து ஏசி போட்டு, ஒரு மணி நேரம் கழித்துக் கூண்டைப் பார்த்தால் 28 காட்டும். "எல்லாம் சரியாத்தானே இருக்கு?" என்று தோன்றும். பாம்புக்கு மட்டும்தான் தெரியும் மதியம் என்ன நடந்தது என்று.

இதைப் பிடிக்க ஒரே வழி, அதிகபட்சத்தையும் குறைந்தபட்சத்தையும் நினைவில் வைத்துக்கொள்ளும் டிஜிட்டல் தெர்மோமீட்டர். கம்பியின் முனையில் சென்சார் இருக்கும் வகை சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். இரண்டு வாங்குங்க. ஒன்றின் முனை சூடான மறைவிடத்துக்குள், தரையோடு, பாம்பின் வயிறு படும் இடத்தில். இன்னொன்று குளிர்ந்த மறைவிடத்துக்குள். கண்ணாடியில் ஒட்டும் வட்ட முள் மீட்டர் கண்ணாடியின் சூட்டைச் சொல்லும், பாம்பு இருக்கும் இடத்தின் சூட்டைச் சொல்லாது. தொடர்ந்து ஒரு வாரம் இரண்டின் அதிகபட்சம், குறைந்தபட்சம் நான்கு எண்களையும் குறித்துவைத்தால், பாதிப் பேருக்குப் பாம்பு ஏன் சாப்பிடவில்லை என்று அதிலேயே தெரிந்துவிடும்.

கத்திரி வெயிலில் என்ன செய்யலாம்?

ஏசி வசதி இருந்தால் நாள் முழுக்க 26-27-ல் விட்டுவிட்டு, சூடான முனைக்கு மட்டும் தெர்மோஸ்டாட்டோடு ஹீட்டர் கொடுப்பதுதான் சுலபம். மே மாதத்தில் ஹீட்டரா என்று வீட்டில் திட்டுவாங்க. இரண்டு முனைக்கும் வித்தியாசம் வேண்டும் என்பதற்காகத்தான் அது. ஏசி காற்றில் ஈரம் குறையும் என்பதால் பெரிய தண்ணீர்ப் பாத்திரமும், படுகையில் கொஞ்சம் ஈரமான தேங்காய் நார்த்தூளும் வையுங்க. பால் பைத்தானுக்குக் காற்றில் ஈரம் 60 சதவீதத்தை ஒட்டி இருந்தால் நல்லது.

நாள் முழுக்க ஏசி எல்லாருக்கும் கட்டுப்படியாகாது. அப்படியானால் ஹீட்டரை முழுவதும் அணைத்துவிடுங்க, ஊரே ஹீட்டர்தான். கூண்டை மேற்குச் சுவரை விட்டு நகர்த்தி, கீழ்த்தளத்தில் உள் அறை இருந்தால் அங்கே, அலமாரி மேல் இல்லாமல் தரையோடு வையுங்க. மூடி வலையாக இருக்கட்டும், கூண்டு விளக்கு வேண்டாம். உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிக் கூண்டின் ஒரு முனைக்கு வெளிப்பக்கம் ஒட்டி வைத்தால் மதியத்தின் மோசமான மூணு நாலு மணி நேரத்தைக் கடக்கலாம். ஏர்கூலர் காலையில் வறண்ட மேற்குக் காற்று அடிக்கும்வரை உதவும். கடல்காற்று வந்த பிறகு ஈரத்தை மட்டும்தான் கூட்டும். படுகை சொதசொதவென ஆனால் வயிற்றுச் செதிலில் புண் வரும்.

மண் சட்டி நல்ல யோசனை. வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில், விஷம் எடுப்பதற்காக அனுமதியோடு பிடித்து வரும் பாம்புகளை வாய்க்குத் துணி கட்டிய மண் பானைகளில்தான் வைக்கிறார்கள். குளிர்ந்த முனையில் மறைவிடமாக பிளாஸ்டிக் டப்பாவுக்குப் பதில் ஒரு மண் சட்டியைக் கவிழ்த்து, வாசலுக்கு ஓரத்தை உடைத்து, மேலே மட்டும் நனைத்து வைத்துப் பாருங்க. மீட்டரில் வித்தியாசம் தெரியும். உடைந்த விளிம்பைத் தேய்த்து மழுக்க மறக்காதீங்க.

பால்கனியிலோ ஜன்னல் வெயிலிலோ கண்ணாடித் தொட்டியை வைக்கவே கூடாது, பத்து நிமிஷத்துக்குக்கூட. வெயிலில் நிறுத்திய காருக்குள் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மார்கழியிலும் புயலிலும்?

டிசம்பர், ஜனவரியில் புறநகரில் விடியற்காலை 20-21 டிகிரிக்கு இறங்கும். அப்போதுதான் வெளிநாட்டு வழிகாட்டிகள் நமக்குப் பொருந்தும், ஹீட்டர் தேவைப்படும். அந்த மாதங்களில் வளர்ந்த ஆண் பால் பைத்தான்கள் இனப்பெருக்கக் காலத்தை ஒட்டி மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருப்பதும் சகஜம். எடை குறையாத வரை பயப்பட வேண்டாம்.

புயல் எச்சரிக்கை வந்தால் எலி வைப்பதை நிறுத்துங்க. 2016 டிசம்பரில் வர்தா, 2023 டிசம்பரில் மிக்ஜாம். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் இருப்பவர்களுக்கு நினைவிருக்கும், நாள்கணக்கில் கரண்ட் இல்லை. வயிறு நிறைய இரையோடு இருக்கும் பாம்புக்கு மூணு நாள் ஹீட்டர் இல்லாமல் போனால் வாந்திதான். வெறும் வயிற்றில் இருந்தால் அந்த மூணு நாளை அது சும்மா சுருண்டு படுத்தே கடந்துவிடும்.

வெப்பநிலை சரி, அப்பவும் சாப்பிடலையா?

சரிசெய்த பிறகு ஒரு வாரம் கையில் எடுக்காதீங்க. தினமும் எலியைக் காட்டிக் காட்டி எடுப்பது அதன் பதற்றத்தைக் கூட்டும்; ஒரு முறை மறுத்தால் அடுத்த முயற்சி 7 முதல் 10 நாள் கழித்து. கண் நீலம் பாய்ந்து மங்கலாக இருந்தால் சட்டை உரிக்கப் போகிறது, உரித்து முடிக்கும்வரை சாப்பாட்டை மறந்துவிடுங்க.

இதில் நம்ம ஊர் வெயில் செய்யும் இன்னொரு வேலை பலருக்குத் தெரிவதில்லை. பால் பைத்தானின் உதட்டோரம் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும். இரையின் உடல் சூட்டை அவற்றால் உணரும். சுற்றிலும் 27 டிகிரி இருக்கும்போது 38 டிகிரி எலி அதற்குப் பளிச்சென்று தெரியும். அறையே 35-36-ல் இருந்தால் அந்த வித்தியாசம் மங்கிப்போகும். அதனால் இரவில், அறை குளிர்ந்த பிறகு, உறைய வைத்த எலியை முழுசாக உருக்கி, வெந்நீரில் சூடாக்கித் துடைத்து, விளக்கை அணைத்துவிட்டுக் கொடுங்க.

வீட்டில் பிடித்த எலி வேண்டவே வேண்டாம். அது எலி மருந்து தின்றதா என்று யாருக்குத் தெரியும்? உயிருள்ள எலியை விட்டுவிட்டுப் போவதும் வேண்டாம். பசி இல்லாத பாம்பை எலி கடித்துக் குதறிவிடும். பால் ஊற்றுவது கோயில் புற்றோடு இருக்கட்டும், பாம்புக்குப் பால் ஜீரணம் ஆகாது. வாயைத் திறந்து திணிப்பது மருத்துவர் மட்டுமே முடிவு செய்ய வேண்டிய விஷயம்.

எப்போது மருத்துவரிடம் போகணும்?

சமையலறைத் தராசில் வாரம் ஒரு முறை எடை போடுங்க. வளர்ந்த பாம்பு சாப்பிடாமல் இருந்தும் எடை அப்படியே இருந்தால் காத்திருக்கலாம். 10 சதவீதம் குறைந்துவிட்டால் காத்திருக்கக் கூடாது. குட்டிகளுக்கு இந்த அவகாசமும் கிடையாது, சில வாரங்களிலேயே காட்டிவிடுங்க. மூக்கில் குமிழி, வாயைத் திறந்து மூச்சு விடுவது, மூச்சில் சத்தம், சாப்பிட்டதை வெளியே தள்ளுவது ஆகியவை எடை பார்க்காமலே கிளம்ப வேண்டிய அறிகுறிகள். மணிக்கணக்கில் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள்ளேயே கிடந்தால் சூடு தாங்கவில்லை என்று அர்த்தமாகலாம். தண்ணீரில் மிளகுத் தூள் போலக் கறுப்புப் புள்ளிகள் மிதந்தால் அது உண்ணிப் பூச்சித் தொல்லை.

எல்லாக் கால்நடை மருத்துவரும் பாம்பு பார்ப்பதில்லை, போன் செய்து கேட்டுவிட்டுப் போங்க. வேப்பேரியில் உள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையிலும் விசாரிக்கலாம். துணிப் பையில் போட்டு, பையைக் காற்றோட்டமான பெட்டிக்குள் வைத்து, காலையிலேயே கிளம்பிவிடுங்க. மதிய வெயிலில் பைக்கின் முன்பக்கம் தொங்கவிட்டு எடுத்துப் போக வேண்டாம். பதிவு ஆவணமும், ஒரு வாரம் குறித்துவைத்த அந்த வெப்பநிலைத் தாளும் கையோடு இருக்கட்டும். மருத்துவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.