முதல் நாளில் ஆறு பேர்



போன வாரம் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். அவர் வேலை பார்க்கும் இடத்தில் பொதுமக்களுக்காக ஒரு புதிய இணையதளம் திறக்கப் போகிறார்களாம். "பக்கம் சீக்கிரம் திறக்கணும் சார், அதுக்குத்தான் ரெண்டு வாரமா தூக்கம் இல்ல" என்றார். வரலாற்று வாத்தியாரிடம் இதைச் சொன்னால் என்ன கிடைக்கும்? பழங்கதைதான் கிடைக்கும். அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2010 மார்ச் 23 அன்று அமெரிக்க அதிபர் ஒபாமா மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். 'ஒபாமா கேர்' என்று நாம் கேள்விப்பட்டது அதைத்தான். வேலை செய்யும் இடத்தில் காப்பீடு கிடைக்காதவர்கள் ஓர் இணையதளத்துக்குப் போய், பல கம்பெனிகளின் திட்டங்களை ஒப்பிட்டுப் பார்த்து, வருமானத்துக்கு ஏற்ற அரசு உதவியோடு வாங்கலாம் என்பது ஏற்பாடு. சில மாநிலங்கள் சொந்தமாகத் தளம் அமைத்துக்கொண்டன. மீதி 36 மாநிலங்களுக்கு மத்திய அரசின் 'ஹெல்த்கேர் டாட் கவ்' தளம்தான் வாசல்.

2013 அக்டோபர் 1 அன்று வாசல் திறந்தது. முதல் நாளில் 47 லட்சம் பேர் வந்தார்கள். ஒரே நேரத்தில் 50,000 முதல் 60,000 பேர் வரை வருவார்கள் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். வந்தது 2,50,000. மறுநாள் காலை அதிகாரிகள் கூடிப் பார்த்தபோது, காப்பீடு எடுத்து முடித்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? ஆறு பேர். ஆறு லட்சம் இல்லை, ஆறாயிரமும் இல்லை, ஆறே பேர். இரண்டாம் நாள் முடிவில் 248.

இதில் சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை. காப்பீடு என்பது நோயாளியும் ஆரோக்கியமானவரும் சேர்ந்து பணம் போட்டால்தான் நிற்கும். பக்கம் திறக்காமல் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? புற்றுநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர் இரவு இரண்டு மணி வரை உட்கார்ந்து மறுபடி மறுபடி முயற்சி செய்வார். அவருக்கு வேறு வழி இல்லை. 26 வயது இளைஞன் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு மூடிவிட்டுப் போய்விடுவான். நோயாளிகள் மட்டும் சேர்ந்தால் பிரீமியம் ஏறும், ஏறினால் இன்னும் பலர் விலகுவார்கள். பக்கம் திறக்கும் வேகத்தைப் பொறுத்தே அந்தச் சட்டம் பிழைக்குமா என்ற நிலை வந்துவிட்டது. அதே அக்டோபர் 1-ல், இந்தச் சட்டத்தை முன்வைத்து எழுந்த பட்ஜெட் தகராறில் அமெரிக்க அரசு அலுவலகங்கள் பலவும் மூடிக் கிடந்தன என்பதையும் நினைவில் வையுங்கள்.

எங்கே தவறு? கூட்டம் அதிகம் என்பதுதான் முதலில் சொன்ன சமாதானம். அது பாதி உண்மைகூட இல்லை. திறப்பதற்குச் சில நாட்கள் முன்பு சோதனை செய்தபோது, சில நூறு பேர் ஒரே நேரத்தில் நுழைவதுபோல் பாவனை செய்ததற்கே தளம் விழுந்துவிட்டது. அது தெரிந்தும் தேதியை மாற்றவில்லை.

இன்னொரு முடிவு இதைவிட மோசம். கணக்குத் தொடங்காமலேயே திட்டங்களின் விலையைப் பார்க்கும் வசதி முதலில் திட்டத்தில் இருந்தது. கடைசி நேரத்தில் அதை எடுத்துவிட்டார்கள். ஜவுளிக்கடையில் நுழையும்போதே ஆதார் கார்டு கேட்பதுபோல, வெறுமனே விலை விசாரிக்க வந்தவரும் பெயர், பாஸ்வேர்டு, ரகசியக் கேள்வி எல்லாம் கொடுத்து வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. அந்த ரகசியக் கேள்விகளின் பட்டியலோ பலருக்குக் காலியாக வந்தது! லட்சக்கணக்கானோர் ஒரே குறுகிய கதவில் முட்டி மோதினார்கள்.

பக்கத்தின் கனம் இன்னொரு பக்கம். விண்ணப்பிக்கும் பொத்தானை அழுத்தினால் 92 தனித்தனி ஃபைல்கள் போக வர இருந்தன, அவற்றில் 56 ஜாவாஸ்கிரிப்ட் ஃபைல்கள் என்று வெளியிலிருந்து ஆராய்ந்த ஒரு நிபுணர் கண்டுபிடித்ததாக ராய்ட்டர்ஸ் அப்போது எழுதியது. அந்தக் காலத்துப் பிரவுசர்கள் ஒரு சர்வரிடம் ஒரே நேரத்தில் ஏறத்தாழ ஆறு இணைப்புகள்தான் வைத்துக்கொள்ளும். மீதி ஃபைல்கள் காத்திருக்கும். மளிகைக் கடைக்குப் போனவன் உப்புக்கு ஒரு நடை, புளிக்கு ஒரு நடை என்று நடந்தால் சமையல் எப்போது முடியும்? சின்னச் சின்ன ஃபைல்களை ஒன்றாகக் கட்டி, சுருக்கி அனுப்புவது அப்போதே தெரிந்த வேலைதான்.

அக்டோபர் 21-ல் ஒபாமாவே மக்கள் முன் வந்து பேச வேண்டியதாயிற்று. 30-ஆம் தேதி சுகாதாரத் துறைச் செயலர் கேத்லீன் செபெலியஸ் நாடாளுமன்றக் குழு முன் பதில் சொல்லிக்கொண்டிருந்த நேரத்திலும் தளம் படுத்துக் கிடந்தது. ஜெஃப் ஜயன்ட்ஸ் என்பவரைப் பொறுப்பாகப் போட்டு, நவம்பர் 30-க்குள் சரியாக்கிவிடுவோம் என்று கெடு சொன்னார்கள்.

உதவிக்கு வந்தவர்களில் ஒருவர் மைக்கி டிக்கர்சன், கூகுளில் வேலை பார்த்தவர். இவர்கள் போய் முதலில் கேட்ட கேள்வி எளிமையானது: இப்போது தளத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? ஒரு பக்கம் திறக்க எத்தனை வினாடி ஆகிறது? எந்த இடத்தில் நிற்கிறது? பதில் சொல்ல அங்கே ஆள் இல்லை. 50-க்கும் மேற்பட்ட கான்ட்ராக்டர்கள் வேலை செய்த தளத்தில், முழுவதையும் ஒரே இடத்தில் பார்க்கும் அளவுமானியே இல்லை. காய்ச்சல் என்று எல்லோரும் சொல்கிறார்கள், தெர்மாமீட்டர் யாரிடமும் இல்லை. சில மணி நேரத்தில் அவர்களே அதை உருவாக்கிக்கொண்டார்கள்.

அளந்து பார்த்தால் ஒரு பக்கத்துக்குச் சராசரியாக 8 வினாடி. காரணங்களில் ஒன்று, அடிக்கடி கேட்கப்படும் தகவலுக்கும் ஒவ்வொரு முறையும் டேட்டாபேஸுக்கே போய்க்கொண்டிருந்தது தளம். வகுப்பில் 60 பேர், "பரீட்சை என்றைக்கு சார்?" என்று ஒவ்வொருவராகக் கேட்க, நான் ஒவ்வொரு தடவையும் தலைமையாசிரியர் அறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னால் எப்படி? ஒரு தடவை பார்த்துவிட்டுக் கரும்பலகையில் எழுதிவிட்டால் போதுமே. அந்தக் கரும்பலகைக்குக் கணினி மொழியில் 'கேஷ்' என்று பெயர். அதை வைத்ததுமே வேகம் கண்ணுக்குத் தெரிந்தது.

மேரிலாந்தின் கொலம்பியா நகரில் தினமும் கூட்டம். அங்கே டிக்கர்சன் வைத்த விதிகள்தான் எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்தவை. இந்த அறை பிரச்சினையைத் தீர்ப்பதற்கு, பழியைத் தள்ளிவிட வேறு இடங்கள் இருக்கின்றன என்பது ஒன்று. பதவியில் பெரியவர் பேச வேண்டாம், விஷயம் தெரிந்தவர் பேசட்டும் என்பது இன்னொன்று. நான் உட்கார்ந்திருந்த எத்தனையோ கூட்டங்களில் இந்த இரண்டாவது விதி இருந்திருந்தால் பாதி நேரம் மிச்சமாகியிருக்கும், சரி விடுங்கள்.

டிசம்பர் 1-ல் அரசு கணக்குக் கொடுத்தது. 400-க்கும் மேற்பட்ட கோளாறுகள் சரி செய்யப்பட்டன. 8 வினாடி ஒரு வினாடிக்கும் கீழே வந்தது. பிழை விகிதம் 6 சதவீதத்திலிருந்து 1 சதவீதத்துக்கும் கீழ். ஒரே நேரத்தில் 50,000 பேரைத் தாங்கும். அதற்கு மேல் கூட்டம் வந்தால் வரிசையில் காத்திருக்க ஒரு பக்கமும் வைத்தார்கள்.

நம் மாணவர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "இதுதான் முதல் தடவையா சார்?" என்றார். இல்லை. 2002 ஜனவரி 2 அன்று பிரிட்டனில் 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஏடுகளை இணையத்தில் வைத்தார்கள். நூறு வருடம் பூட்டி வைத்திருந்த ஏடுகள். தாத்தா பாட்டி பெயரைத் தேட ஊரே திரண்டது. நாளைக்கு 12 லட்சம் பேர் என்று கட்டிய தளத்துக்கு மணிக்கு 12 லட்சம் பேர் வந்தார்கள். சில நாளில் மூடிவிட்டு, நவம்பரில்தான் மறுபடி திறக்க முடிந்தது. தாத்தா பத்து மாதம் காத்திருப்பார். ஜனவரி 1-ல் காப்பீடு தேவைப்பட்டவருக்கு அது முடியாது.

ஒரு விஷயம் பெரும்பாலும் பேசப்படவில்லை. அதே ஹெல்த்கேர் தளத்தில், சட்டத்தை விளக்கும் தகவல் பக்கங்களைத் தனியாக ஒரு சிறு குழு செய்திருந்தது. கேட்கும்போது தயாரிக்காமல், முன்கூட்டியே தயாரித்து அடுக்கி வைத்த எளிய பக்கங்கள். 2013 ஜூனிலேயே அவை வந்துவிட்டன. அக்டோபரில் விண்ணப்பப் பகுதி விழுந்து கிடந்த நாட்களிலும் அவை ஒழுங்காகத் திறந்துகொண்டிருந்தன.

2014 ஏப்ரலில் முதல் சுற்று முடிந்தபோது, மாநிலத் தளங்களையும் சேர்த்து 80 லட்சம் பேர் காப்பீட்டுத் திட்டம் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அந்த மாதமே செபெலியஸ் பதவி விலகுவதாக அறிவித்தார். ஆகஸ்டில் அரசுத் தளங்களைச் சீர்படுத்த ஒரு தனிப் பிரிவு தொடங்கி, அதற்குத் தலைவராக டிக்கர்சனையே போட்டார்கள்.

நம் மாணவரின் தளம் அடுத்த திங்கள்கிழமை திறக்கிறது. சோதனையில் ஒரே நேரத்தில் எத்தனை பேரை உள்ளே விட்டுப் பார்த்தாய் என்று கேட்டேன். "இன்னிக்கு ராத்திரி பாக்குறேன் சார்" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டார்.