நுரையீரலைச் சுருக்கின கதை

அம்பத்தூர்ல பைபாஸ் ஏறி போரூர் தாண்டி தாம்பரம் பக்கம் போறவங்க சானடோரியத்தைப் பார்த்திருப்பீங்க. 1928-ல் டாக்டர் சௌரி முத்து காசநோய்க்காக ஆரம்பிச்ச ஆஸ்பத்திரி. அப்போ மாத்திரை கிடையாது. நல்ல காத்து, சத்தான சாப்பாடு, ஓய்வு. உலகத்துல பல சானடோரியங்கள்ல இன்னொரு வைத்தியமும் நடந்துச்சு: விலா எலும்புகளுக்கு நடுவுல ஊசி குத்தி, காத்தை ஏத்தி, நோய்பட்ட நுரையீரலை வேணும்னே சுருங்க வைக்கிறது! மருந்துகள் வந்துச்சு; வீட்டுல இருந்தே குணமாகலாம்னு 1959-ல் சேத்துப்பட்டு ஆய்வு காட்டுச்சு. அந்த ஊசிக்கு வேலை போச்சு.

வேடிக்கை என்னன்னா, அதே சுருக்குற யோசனை எம்பிசீமாவுக்குத் திரும்ப வந்தது. பீடி, சிகரெட், விறகடுப்புப் புகை (அடுப்புப் புகையைப் பத்தி நம்ம போரூர் ராமச்சந்திராவுல வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்றாங்க) எல்லாம் நுரையீரலின் நுண்ணறைச் சுவர்களைச் சிதைச்சிடும். உள்ளே போன காத்து வெளியே வராது. ஊதிப்போன பாகம் பக்கத்துல இருக்குற நல்ல பாகத்தையும் அமுக்கும். பாத்ரூம் போயிட்டு வர்றதுக்குள்ள மூச்சு வாங்கும். சிதைஞ்ச சுவர் மறுபடி வளராது.

சரி, கெட்ட பாகத்தை வெட்டி எடுத்துட்டா? 1950-கள்ல பால்டிமோர் டாக்டர் பிராண்டிகன் செஞ்சு பார்த்தார். ஏறக்குறைய ஆறில் ஒருத்தர் பிழைக்கலை. கைவிட்டாங்க. 1990-கள்ல ஜோயல் கூப்பர் அதைத் தூசி தட்டி எடுத்தார். அப்புறம் அமெரிக்காவுல 1,218 பேரை வெச்சு பெரிய ஆய்வு. 2003-ல் முடிவு வந்தது. மேல்மடல்ல நோய் இருந்து, நடக்கத் தெம்பில்லாதவங்களுக்கு நல்ல பலன். ஆனா ரொம்ப முத்தின ஒரு பிரிவுல, ஆபரேஷன் ஆனவங்கள்ல 16 சதவீதம் பேர் 30 நாளுக்குள்ள இறந்ததால, அப்படிப்பட்டவங்களைச் சேர்க்கிறதை 2001-லயே நிறுத்திட்டாங்க. யாருக்கு ரொம்பத் தேவையோ அவங்க மேல கத்தி வைக்க முடியலை.

அங்கதான் வால்வு வருது. ப்ராங்கோஸ்கோப் குழாயை வாய் வழியா விட்டு, கெட்ட மடலுக்குப் போற கிளைகள்ல குட்டி ஒருவழி வால்வுகளை வெப்பாங்க. காத்து வெளியே வரும், உள்ளே போகாது. மடல் தானா சுருங்கும். பக்கத்து மடல்ல இருந்து காத்து கசிஞ்சா வால்வு வெச்சும் வீண். அதனால முதல்ல அதைச் சோதிப்பாங்க. அமெரிக்காவுல 2018-ல் அனுமதி கிடைச்சது.

முக்கியமான ஆபத்து? மார்புக்கூட்டுக்குள்ள காத்து புகுந்து நுரையீரல் சுருங்கிடுறது. அன்னைக்கு ஊசி குத்தி வரவழைச்ச அதே சமாச்சாரம்! சுமார் நாலில் ஒருத்தருக்கு வருது, பெரும்பாலும் முதல் சில நாள்லயே. அதனால வால்வு வெச்ச கையோட வீட்டுக்கு அனுப்பமாட்டாங்க. புகையை விடாதவங்களுக்கு வால்வு பேச்சே கிடையாது.