எம்.வி. அறக்கட்டளை

மாமிடிப்பூடி வெங்கடரங்கையா அறக்கட்டளை ஐதராபாத்தைச் சேர்ந்த தொண்டு நிறுவனம். வரலாற்றறிஞர் வெங்கடரங்கையாவின் பெயரில் 1981இல் ஆய்வு அமைப்பாகத் தோன்றிய இது, அவருடைய பேத்தியும் அரசியல் அறிவியல் பேராசிரியருமான சாந்தா சின்ஹாவின் வழிகாட்டலில், 1991 முதல் ரங்காரெட்டி மாவட்டச் சிற்றூர்களில் குழந்தைகளை வேலையிலிருந்து மீட்டுப் பள்ளியில் சேர்க்கத் தொடங்கியது. 2003இல் சின்ஹாவுக்கு மகசேசே விருது கிடைத்தது. அறக்கட்டளை மீட்ட குழந்தைகளின் தொகையைவிட, யாரைக் குழந்தைத் தொழிலாளியாகக் கணக்கிடுவது என்பதில் அது காட்டிய பிடிவாதமே நீடித்த விளைவைத் தந்தது எனலாம்.

1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் அட்டவணையிட்ட தொழில்களில் மட்டுமே 14 வயதுக்குட்பட்டோரைத் தடுத்தது. மாடு மேய்க்கும் சிறுவனும், தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு வீட்டிலேயே தங்கிவிட்ட சிறுமியும் அதன் கண்ணில் படவில்லை. பள்ளிக்கு வெளியே உள்ள ஒவ்வொரு குழந்தையும் தொழிலாளியே என்றது அறக்கட்டளை. வரையறை மிக அகலமானது, சும்மா இருக்கும் பிள்ளையையும் சேர்த்துக்கொள்கிறது என்று ஆட்சேபித்தவர்கள் உண்டு. ஏழைக் குடும்பத்தில் சும்மா இருக்கும் பிள்ளை அரிது என்பதே அதற்குப் போதுமான பதில். பெண் குழந்தைகளின் உழைப்பைக் கணக்கில் கொண்டுவர வேறு வழியும் இருக்கவில்லை. இதே காரணத்தால் பகலில் வேலை, இரவில் படிப்பு என்ற சமரசத்தையும் அது ஏற்கவில்லை. இடைநின்ற பிள்ளைகளை உண்டு உறைவிட முகாம்களில் சில மாதம் படிக்கவைத்து, வயதுக்கேற்ற வகுப்பில் அரசுப் பள்ளியிலேயே சேர்த்தது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு கூறும் சிறப்புப் பயிற்சியும் இதே வடிவம்தான்.

வறுமை தீராமல் குழந்தை உழைப்பு தீராது என்பது வலுவான மறுப்பு. ஆனால், குழந்தையை வேலைக்கு வைப்பதற்குக் காரணமே அதன் கூலி குறைவு என்பது. அந்தக் குறைந்த கூலி பெரியவர்களின் கூலியையும் சேர்த்தே இழுத்துப் பிடிக்கிறது. இந்தியாவைவிடச் செல்வம் மிகாத நாடுகளும் கட்டாயக் கல்வியைக் கொண்டுவந்ததை அரசியல் அறிவியலாளர் மைரன் வீனர் 1991இல் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டினார். ஆசிரியர் பற்றாக்குறையுள்ள பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பி என்ன பயன் என்ற கேள்வியை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. தனிப் பள்ளி நடத்தாமல், ஊராட்சிகளையும் அரசுப் பள்ளி ஆசிரியர்களின் 'பால கார்மிக விமோசன வேதிகா' (குழந்தைத் தொழிலாளர் விடுதலை மன்றம்) அமைப்பையும் அறக்கட்டளை துணைக்கழைத்தது இதனால்தான். ஆனாலும் சேர்க்கை அளவுக்குக் கற்றல் உயர்ந்துவிட்டதாகச் சொல்வது மிகை. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் 14 வயதுக்குட்பட்டோரை எல்லாத் தொழில்களிலிருந்தும் விலக்கியது. எனினும் பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவுவதற்கு அது விலக்களித்திருக்கிறது. வீட்டு வேலையில் மறையும் சிறுமியைக் கணக்கெடுக்கும் சிக்கல் அதனால் அப்படியே நீடிக்கிறது.