பதினேழு பேர்: இலங்கை மலேரியா வரலாற்றில் ஒரு பாடம்

மழை பெருகினால் நுளம்பு பெருகும். நுளம்பு பெருகினால் காய்ச்சல் பெருகும் என்பது பொதுவான எண்ணம். இலங்கை கண்ட மிகக் கொடிய மலேரியாக் கொள்ளைநோயோ மழை பொய்த்ததனால் விளைந்தது. 1934ஆம் ஆண்டில் பருவமழை தவறிற்று. களனி கங்கையும் மகா ஓயாவும் வற்றிக் குட்டை குட்டையாகத் தேங்கின. அந்நாட்டில் நோயைப் பரப்பும் அனோபிலிஸ் குலிசிஃபேசிஸ் என்னும் நுளம்பு விரும்பி முட்டையிடுவது வெயில் படும் இத்தகைய தெளிந்த நீரிலேயே. வறண்ட வலயத்து மக்கள் தலைமுறைகளாக இந்நோயோடு வாழ்ந்து ஓரளவு எதிர்ப்பாற்றல் பெற்றிருந்தனர். கேகாலை போன்ற ஈரவலயப் பகுதியினருக்கு அந்த அரண் இல்லை. பசியால் நலிந்த உடல்களைக் காய்ச்சல் எளிதில் வீழ்த்தியது. 1934 - 35இல் மாண்டோர் தொகை ஏறத்தாழ 80,000. அன்று கிராமம் கிராமமாக உணவும் மருந்தும் சுமந்து சென்ற சூரியமல் இயக்கத்தவருள் பலர், 1935 டிசெம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியைத் தோற்றுவித்தனர். ஒரு நோய் நாட்டின் அரசியலையே அசைத்தது.

இரண்டாம் உலகப் போரின் முடிவில் டி.டி.ரி. வந்தது. குருதி உண்ட நுளம்பு வீட்டுச் சுவரில் அமர்ந்து இளைப்பாறும். அச்சுவரில் மருந்து படிந்திருப்பின் அது மடியும். நோய்ச் சங்கிலி அறும். 1963ஆம் ஆண்டில் நாடு முழுவதும் பதிவான நோயாளர் 17 பேர் மட்டுமே!

வீழ்ச்சி அந்த வெற்றியிலேயே கருக்கொண்டது. தெளிப்பு நிறுத்தப்பட்டது, கண்காணிப்புத் தளர்ந்தது, ஒழிந்த நோய்க்குப் பணம் எதற்கு என்ற எண்ணம் வலுத்தது. அதற்குள் மாணிக்கக்கல் தேடி அகழ்ந்த குழிகளில் நீர் தேங்கியது. மழையும் மீண்டும் பொய்த்தது. 1969இல் நோயாளர் தொகை 5 இலட்சத்தைத் தாண்டியது. டி.டி.ரி.யைத் தாங்கும் வலிமையை நுளம்பும் பெற்றுவிட்டமையால், 1977இல் மாலத்தியனுக்கு மாற வேண்டியதாயிற்று.

மீண்டும் எழுந்த நோயை அடக்க நெடுங்காலம் சென்றது. இரண்டாம் முறை நாடு மருந்துத் தெளிப்பொன்றையே நம்பவில்லை. மருந்தூட்டிய வலைகள் வழங்கப்பட்டன. நடமாடும் மருத்துவக் குழுக்கள் ஊர்தோறும் சென்று குருதி சோதித்தன. போர் நடந்த வடக்கிலும் கிழக்கிலும் இப்பணி முற்றாக நின்றுவிடவில்லை. உள்நாட்டில் தொற்றிய இறுதி நோயாளர் 2012 ஒக்ரோபரில் கண்டறியப்பட்டார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாகச் சான்றளித்தது.

ஆயினும் நுளம்பு அழியவில்லை. அழிந்தது நோய்த்தொற்று மட்டுமே. பிறநாடு சென்று மீள்வோரின் குருதியில் ஒட்டுண்ணி இன்னும் வந்திறங்குகிறது. எனவே காய்ச்சலோடு வரும் பயணியின் ஒரு துளிக் குருதியைச் சோதிக்கும் சிறு பணி ஓயலாகாது. 80,000 பேரைப் பலிகொண்ட ஆண்டை வரலாறு எளிதில் மறக்காது. மறக்காமல் காக்க வேண்டியது, 17 பேர் மட்டுமே நோயுற்ற அந்த ஆண்டையே.