ஆளுக்கேற்ற ஆசனம்

திருகோணமலையின் சீனன்குடாக் காட்டினுள்ளே, பிரித்தானியர் தம் கடற்படைக்கென அமைத்த எண்ணெய்த் தாங்கிகளுள் 99 இன்றும் நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் எண்ணெய் கொள்ளக்கூடியது. அத்தகைய தாங்கிகளை மடியிலே வைத்திருக்கும் ஊரும் 2022ஆம் ஆண்டின் எரிபொருட் பஞ்சத்துக்குத் தப்பவில்லை. அவ்வாண்டு ஜூன் 28ஆம் திகதி முதல் ஜூலை 10ஆம் திகதி வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் வழங்கப்படும் என்று அரசாங்கம் அறிவித்தது. நாடெங்கும் மோட்டார் வண்டிகள் ஓய்ந்தன. தாழ்வாரங்களிலே தூசிபடிந்து கிடந்த துவிச்சக்கர வண்டிகள் மீண்டும் வீதிக்கு வந்தன.

இவ்வாறு வெளிவரும் வண்டி பெரும்பாலும் ஏறுபவருக்கென வாங்கப்பட்டதன்று. தந்தையின் வண்டியிலே மகள் ஏறுகிறாள். அண்ணனின் வண்டியிலே தம்பி ஏறுகிறான். ஒரு கிழமை ஓடியதும் முழங்கால் நோகிறது, இடுப்புப் பிடிக்கிறது. “பழக்கமில்லாத உடம்பு, போகப் போகச் சரியாகும்” என்று வீட்டிலே ஆறுதல் சொல்கிறார்கள். குற்றம் உடம்பினதா, வண்டியினதா? வண்டியின் வரலாற்றைச் சிறிது புரட்டிப் பார்த்தால் விடை கிடைக்கும்.

1817ஆம் ஆண்டிலே ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் கார்ல் டிறைஸ் என்பவர் இரு சில்லு வண்டியொன்றை ஓட்டிக் காட்டினார். அதற்குப் பெடல் இல்லை. நிலத்தைக் காலால் உந்தியே செல்லவேண்டும். 1860களிலே பாரிஸ் நகரில் முன்சில்லின் அச்சிலேயே பெடல் பூட்டினார்கள். இங்கேதான் ஒரு சிக்கல் பிறந்தது. பெடல் ஒரு முறை சுற்றினால் சில்லும் ஒரு முறைதான் சுற்றும். ஆகவே விரைந்து செல்லவேண்டுமானால் சில்லு பெரிதாக இருத்தல் வேண்டும். 1870களில் முன்சில்லு 50 அங்குலத்தையும் கடந்து வளர்ந்தது. அது எவ்வளவு வளரலாம் என்பதைத் தீர்மானித்தது எது? ஏறுபவரின் கால் நீளமே. தையற்காரர் சட்டைக்கு அளவெடுப்பதுபோலக் காலுக்கு அளவெடுத்தே சில்லை வாங்கவேண்டியிருந்தது. நெட்டைக் காலருக்கு வேகம் கிட்டியது. குட்டையானவருக்கு அது கிட்டவில்லை. நீண்ட பாவாடை அணிந்த பெண்களுக்கோ அவ்வுயரத்து ஆசனம் எட்டாக்கனியே. தந்தைக்கு வாங்கிய வண்டி மகனுக்கு உதவாது.

1885ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் கொவென்ட்றி நகரத்து ஜோன் கெம்ப் ஸ்டார்லி, “றோவர்” என்னும் வண்டியை வெளியிட்டார். பெடலை முன்சில்லிலிருந்து பிரித்து, சங்கிலியால் பின்சில்லோடு இணைத்தார். வேகத்தைப் பற்சக்கரங்கள் பார்த்துக்கொண்டன. சில்லுக்கும் கால் நீளத்துக்கும் இருந்த தொடர்பு அற்றது. இவ்வகை வண்டியிலே, ஆசனத்தைத் தாங்கும் தண்டைச் சட்டக் குழாயினுள் ஏற்றியும் இறக்கியும் ஒரு திருகாணியால் இறுக்கிவிடலாம். 1888இல் டன்லப்பின் காற்றடைத்த ரயர் வந்ததும் குலுக்கலும் குறைந்தது. ஒரே வண்டி ஒரு வீட்டார் பலருக்கும் பொருந்தியது. ஏழை எளியோரின் வாகனமாக அது உலகெங்கும் பரவியதற்கு, அந்தச் சிறு திருகாணியும் ஒரு காரணம் என்றால் மிகையாகாது.

பிரித்தானிய ஆட்சிக் காலத்திலேயே இவ்வண்டி இலங்கைக்கும் வந்து சேர்ந்தது. 1957 ஒக்டோபரில் திருகோணமலைக் கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது, ஆங்கிலேயர் கப்பலேறினர். றலி, ஹம்பர் என்னும் பெயர்களோ அதன் பின்னரும் நம் நாட்டு வீதிகளில் நிலைத்தன. 28 அங்குலச் சில்லும் உயர்ந்த சட்டமும் கொண்ட அவ்வண்டிகளிலே, சட்டத்தின் முக்கோணத்துக்குள் காலை விட்டு ஓடிப் பழகிய சிறுவர் எத்தனை பேர்! அவ்வாறு பழகியதாலோ என்னவோ, வண்டிக்கு ஏற்ப நாமே வளைந்து கொடுக்கவேண்டும் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிவிட்டது.

அது தேவையில்லை. சுவரைப் பிடித்தபடி ஆசனத்தில் அமருங்கள். ஒரு பெடலை அடிமட்டத்துக்கு இறக்கி, அதன்மேல் குதிக்காலை வையுங்கள். முழங்கால் மடங்காமல் நேராக நிற்கவேண்டும். பின்னர் முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் சற்றே மடங்கும். அதுவே ஏற்ற உயரம். 1967ஆம் ஆண்டிலே ஹாம்லி, தோமஸ் என்னும் ஆய்வாளர் இருவர் இதற்கு ஒரு கணக்கும் தந்தனர். கவட்டிலிருந்து நிலம்வரை உள்ள கால் நீளத்தின் 109 சதவீதமே, தாழ்ந்து நிற்கும் பெடலிலிருந்து ஆசனத்தின் மேற்புறம்வரை இருக்கவேண்டிய நீளம் என்றனர். கால் நீளம் 75 சென்ரிமீற்றர் ஆயின், இது ஏறத்தாழ 82 சென்ரிமீற்றர் ஆகும்.

ஆசனம் தாழ்ந்தால் முழங்காலின் முன்புறம் நோகும். மிக உயர்ந்தால் இடுப்பு இருபுறமும் ஆடும். முழங்காலின் பின்புறம் இழுக்கும். கைபிடியை எட்டிப் பிடிக்க நேர்ந்தால் தோளும் மணிக்கட்டும் களைக்கும். அப்போது ஆசனத்தைச் சிறிது முன்னே நகர்த்தலாம், அல்லது கைபிடியை உயர்த்தலாம். கச்சான் காற்று எதிர்த்து வீசும் நாளில் உப்புவெளியிலிருந்து பட்டினத்துக்கு மிதிப்பவருக்கு, கால் முழு வலுவோடு இயங்குவதன் அருமை நன்கு விளங்கும். ஓர் எச்சரிக்கை: தண்டில் எல்லைக்கோடு பொறித்திருந்தால் அதற்குமேல் உயர்த்தலாகாது, தண்டு முறிந்தால் ஆபத்து. ஆசனத்தை முழுவதும் இறக்கியும் கால் எட்டாதாயின் சட்டமே பெரிது. அந்த வண்டி அவருக்கு ஆகாது.

நேயர்களே, அன்று மனிதன் சில்லுக்கு அளவு கொடுத்தான். 1885க்குப் பின்னர் வண்டி மனிதனுக்கு அளவு கொடுக்கலாயிற்று. தந்தை விட்ட உயரத்திலேயே மகளை ஓடவிட்டால், கிடைத்த அந்த நன்மையை நாமே கைவிட்டவர்களாவோம். வீட்டிலே ஒரு ஸ்பானர் இருந்தால் போதும். ஐந்து நிமிட வேலை. துருவேறியிருந்தால் ஒரு துளி எண்ணெயும் வேண்டும். அதற்குச் சீனன்குடாத் தாங்கிகள் தேவையில்லை.