உலோகம் இல்லாத வினையூக்கி: உருகிய உப்பின் கதை

காஞ்சிபுரத்துப் பட்டில் ஏறும் சாயமும், மருந்துக் கடை மாத்திரையும் கரிம வேதியியலின் பிள்ளைகள்தான். அந்த வேதியியலில் ஒரு உப்பு எப்படி வினையூக்கியானது என்று பார்ப்போம் நண்பர்களே.

சமையல் உப்பு உருக 801 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஆனால் 1914ல் லாட்வியாவில் பிறந்த பால் வால்டன், எத்தில் அம்மோனியம் நைட்ரேட் என்ற உப்பு சுமார் 12 டிகிரியிலேயே உருகுவதை எழுதினார். அயனிகள் பெரிதாகவும் கோணல்மாணலாகவும் இருந்தால் நெருக்கமாக அடுக்க முடியாது. அதனால் உப்பு எளிதில் திரவமாகிவிடும். இதுதான் அயனித் திரவம்.

1986ல் இவை ஃப்ரீடல்-கிராஃப்ட்ஸ் வினைக்கு வினையூக்கியாயின. ஆனால் அவற்றில் அலுமினியம் இருந்தது; ஈரம் பட்டால் கெட்டுப்போகும். 1992ல் வில்க்ஸ், சவோரோட்கோ இருவரும் காற்றையும் நீரையும் தாங்கும் வகைகளைச் செய்தார்கள். அவற்றில் உலோகம் தேவைப்படவில்லை.

இப்போது பிஜினெல்லி வினைக்கு வருவோம். 1890களின் தொடக்கத்தில் இத்தாலியர் பியத்ரோ பிஜினெல்லி யூரியா, ஆல்டிஹைடு, எத்தில் அசிட்டோஅசிட்டேட் மூன்றையும் அமிலத்தோடு சூடாக்கி ஒரே பாத்திரத்தில் வளையச் சேர்மம் செய்தார். விளைச்சல் பல சமயம் குறைவு. பின்னாளில் செம்பு, லாந்தனம் போன்ற உலோக உப்புகளைச் சேர்த்து அதைக் கூட்டினார்கள். ஆனால் மருந்தில் உலோக மிச்சம் இருக்கக் கூடாதே! 2001ல் சீனாவின் பெங்கும் டெங்கும் உலோகமில்லாத அயனித் திரவத்தையே வினையூக்கியாக்கினார்கள், கரைப்பானே இல்லாமல். 2004ல் புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் சீனிவாசன் குழு மீயொலி அலையோடு அறை வெப்பநிலையிலேயே அதைச் செய்து காட்டியது. நம் நாட்டிலேயே!

சரி, வேலையைச் செய்வது எது? புனே குழுவின் திரவத்தில் நைட்ரஜனோடு ஒட்டிய ஒரு ஹைட்ரஜன் உண்டு. அது புரோட்டானைக் கொடுக்கவல்லது. அதாவது, பிஜினெல்லியின் பழைய அமிலமே புது வேஷத்தில் வந்திருக்கலாம்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. 2003ல் ராபின் ராஜர்ஸ் குழு, ஹெக்ஸாஃப்ளூரோபாஸ்பேட் கொண்ட அயனித் திரவம் நீரோடு சேர்ந்து சிதைவதைக் காட்டியது. அப்படிச் சிதையும்போது ஹைட்ரஜன் ஃப்ளூரைடு வரும். கண்ணாடியையே அரிக்கும் விஷம் அது.

ஆக, 'உலோகம் இல்லை' என்பதும் 'தீங்கு இல்லை' என்பதும் ஒன்றல்ல. ஒரு வினையூக்கியை 'பசுமை' என்று யாராவது புகழ்ந்தால் மூன்று கேள்வி கேளுங்கள்: உண்மையில் வேலை செய்வது எது? எத்தனை முறை திரும்பப் பயன்படும்? கெட்டால் என்னவாகும்?