ஹெரால்டின் வம்சம்

ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் பானெட் மற்ற கார்களில் இருப்பதுபோல் வெறும் மூடி அல்ல. இரண்டு பக்கத்துக் கொக்கிகளையும் விடுவித்துத் தூக்கினால் மட்கார்டு, ஹெட்லைட்டோடு காரின் முன்பாகம் முழுவதும் மூக்குப் பக்கமாகக் கவிழ்ந்துகொள்ளும். இஞ்சின், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் எல்லாம் வெட்டவெளியில் நிற்கும். முன்டயர் மேலேயே உட்கார்ந்து கார்புரேட்டரைக் கழற்றலாம். நான் தொழில் கற்றது அப்படி உட்கார்ந்துதான். முன்சக்கரத்தின் கீழ் மூட்டில் டிரன்னியன் என்று ஒரு வெண்கலத் துண்டு உண்டு. அதைக் கண்டதும் நான் கிரீஸ் கன்னோடு போவேன். "டேய், அங்க கிரீஸ் அடிக்காதடா, கியர் ஆயில் ஊத்து" என்று எனக்குத் தொழில் சொல்லித்தந்த பாய் அதட்டுவார். கிரீஸ் உள்ளே மரைவரைக்கும் போய்ச் சேராது. ஈரம் தங்கித் துரு ஏறும். ஒருநாள் சக்கரம் மடங்கிவிடும். அந்த வண்டியைப் புரிந்துகொண்டவர்களுக்கே அது விசுவாசமாக இருக்கும்.

மலிவு விலை ஸ்போர்ட்ஸ் காரையும், பின்கதவுள்ள சிறு குடும்பக் காரை வேகப்படுத்திச் செய்யும் ஹாட் ஹேட்ச்சையும் ஒப்பிடுகிறவர்கள் குதிரைத் திறனையும் நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொடும் நொடிகளையும் அடுக்குவார்கள். எனக்கு அந்த ஒப்பீடு ஹெரால்டிலிருந்துதான் தொடங்குகிறது. விலை குறைந்த ஸ்போர்ட்ஸ் கார் எதுவும் தனியாகப் பிறந்ததில்லை. தன் காலத்துக் குடும்பக் காரின் வயிற்றில்தான் அது பிறந்திருக்கிறது.

இங்கிலாந்தின் ஸ்டாண்டர்ட் டிரையம்ப் நிறுவனத்துக்கு பாடி செய்துகொடுத்து வந்த ஃபிஷர் அண்ட் லட்லோவை 1953-இல் போட்டி நிறுவனமான பி.எம்.சி. வாங்கிவிட்டது. அடுத்த காருக்கு முழு பாடியை ஒரே கூடாக அடித்துத் தர ஆளில்லை. ஆகவே பழைய முறைப்படி தனி சேஸிஸ் போட்டு, பாடியைத் துண்டு துண்டாகச் செய்வித்து, போல்ட்டில் இணைத்தார்கள். வடிவம் தந்தவர் இத்தாலியின் டூரின் நகரத்து ஜியோவான்னி மிக்கெலொட்டி. 1959-இல் ஹெரால்ட் வந்தது. நெருக்கடியில் எடுத்த அந்த முடிவு இரண்டு கதவுகளைத் திறந்துவிட்டது. துண்டுகளாகக் கப்பலேற்றி எங்கே வேண்டுமானாலும் பூட்டிக்கொள்ளலாம் என்பது ஒன்று. அப்படித்தான் 1961-இல் சென்னையை அடுத்த வண்டலூர் தொழிற்சாலையிலிருந்து ஹெரால்ட் வெளியே வந்தது. சேஸிஸைக் குட்டையாக்கி மேலே வேறொரு பாடி வைக்கலாம் என்பது மற்றொன்று.

91.5 அங்குல வீல்பேஸை 83 அங்குலமாகக் குறைத்து, இரண்டு இருக்கை வைத்து, 1147 சிசி இஞ்சின் பூட்டி, 1962-இல் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் வந்தது. அதையும் மிக்கெலொட்டிதான் வரைந்தார். வண்டலூரில் டாக்டர்களும் வக்கீல்களும் வாங்கிப்போன காரின் உடன்பிறப்பு, இங்கிலாந்தில் இளைஞர்கள் கூரையைக் கழற்றிவிட்டுக் காற்று வாங்கிய கார். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் வந்த ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட்டும் இதே கதைதான்: இஞ்சினும் முன் சஸ்பென்ஷனும் ஆஸ்டின் ஏ35-இலிருந்து, ஸ்டீயரிங் மாரிஸ் மைனரிலிருந்து. பெரும் உற்பத்தியில் மலிந்த பாகங்கள் கையருகே கிடந்ததால்தான் இந்த வண்டிகளின் விலை சம்பளக்காரர் கைக்கு எட்டியது.

ஹெரால்டுக்கு ஒரு குறை இருந்தது. பின்சக்கரங்களுக்கு, இரண்டு பக்கமும் தனித்தனியே மேலும் கீழும் ஆடும் ஸ்விங் ஆக்சில். வளைவில் வேகமாகப் போகும்போது பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென எடுத்தால், வண்டியின் பின்புறம் எழும்பி வெளிச்சக்கரம் உள்நோக்கி மடியும். ஏற்காடு மலைப்பாதையில் அதை உடம்பால் கற்றுக்கொண்டேன். கொண்டை ஊசி வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, இரண்டாவது கியரில் போட்டு, வளைவுக்குள் நுழைந்தபின் காலை அசைக்காமல் மெல்ல அழுத்திக்கொண்டே போகவேண்டும். அப்போது முன்சக்கரங்களுக்கு ஒரே வேலை, திரும்புவது. இஞ்சின் இழுப்பது பின்னால் நடக்கிறது. மெல்லிய ஸ்டீயரிங் வளையத்தில் சாலையின் சிறு கல்கூட விரலுக்குத் தெரியும். 948 சிசி இஞ்சினுக்கு மேட்டில் மூச்சு வாங்கும். ஆனாலும் அந்த ஏற்றத்தில் கிடைத்த நிறைவை, இரண்டு மடங்கு சக்தி உள்ள பல வண்டிகள் எனக்குத் தரவில்லை. 1972-இல் வண்டலூரில் ஹெரால்டை கெஸல் என்று மாற்றியபோது ஸ்விங் ஆக்சிலை எடுத்துவிட்டு வழக்கமான ஒற்றை ஆக்சில் போட்டார்கள். குண்டும் குழியுமான நம் சாலைக்கு அது பொருந்தலாம். ஓட்டும் சுவைக்கு அது இழப்பு.

இதற்கிடையே குடும்பக் காரே மாறிக்கொண்டிருந்தது. ஹெரால்ட் வந்த அதே 1959-இல் அலெக் இஸிகோனிஸ் இஞ்சினைக் குறுக்காக வைத்து, முன்சக்கரத்தால் இழுக்கும் மினியைக் கொண்டுவந்தார். 1961-இல் மினி கூப்பர். 1964, 65, 67 மான்டி கார்லோ ராலிகளில் அது வென்றபோது, மலிவான குட்டிக் கார் பெரிய வண்டிகளை மலைப்பாதையில் தோற்கடிக்கும் என்று உலகம் பார்த்தது. ஹாட் ஹேட்ச்சின் முப்பாட்டன் அதுதான், பின்கதவு இல்லாவிட்டாலும். பிறகு ஃபோக்ஸ்வாகனில் சில பொறியாளர்கள் மேலிடத்துக்குச் சொல்லாமல், ஓய்வு நேரத்தில் கோல்ஃபை வேகப்படுத்தினார்கள். 1975 ஃப்ராங்க்ஃபர்ட் கண்காட்சியில் காட்டப்பட்டு 1976-இல் விற்பனைக்கு வந்த கோல்ஃப் ஜி.டி.ஐ.க்கு 1.6 லிட்டர் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் இஞ்சின், 110 குதிரைத் திறன், எடை 810 கிலோ. 5000 வண்டி விற்றால் போதும் என்று நினைத்தார்கள். முதல் தலைமுறையே நாலரை லட்சத்தைத் தாண்டியது. 1984-இல் பியூஜோ 205 ஜி.டி.ஐ. வந்தது. வளைவில் காலை எடுத்தால் வால் வீசும் என்பதற்காகவே அதைக் கொண்டாடினார்கள்.

பின்சக்கர ஓட்டம் உள்ள குடும்பக் கார்கள் மறைய மறைய, ஸ்போர்ட்ஸ் காருக்குத் தாய்வீடு இல்லாமல் போனது. 1980-இல் ஸ்பிட்ஃபயரும் எம்.ஜி.பி.யும் ஒரே ஆண்டில் நின்றன. சாமர்த்தியசாலிகள் முன்சக்கர வண்டியின் இஞ்சினையும் கியர்பாக்ஸையும் அப்படியே தூக்கி இருக்கைக்குப் பின்னால் வைத்தார்கள். 1972-இல் வந்த ஃபியட் எக்ஸ் 1/9-உம், 1984-இல் வந்த டொயோட்டா எம்.ஆர்.2-உம் அப்படிச் செய்தவை.

ஜப்பானில் மாஸ்டாவின் கெனிச்சி யமமோட்டோ ஹகோனே மலைப்பாதையில் ஒரு ஸ்பிட்ஃபயரை ஓட்டிப் பார்த்தார். தன் நிறுவனமும் இப்படி ஒன்று செய்யவேண்டும் என்ற எண்ணம் அவருக்குள் வேர்விட்டதில் அந்த ஓட்டத்துக்குப் பங்கு உண்டு. இதை முதன்முதலில் படித்தபோது, வண்டலூர் சேஸிஸின் தம்பி அல்லவா அது என்று உடம்பு சிலிர்த்தது. 1989 பிப்ரவரியில் சிகாகோவில் எம்.எக்ஸ்-5 வெளியானது. 323 குடும்பக் காரின் 1.6 லிட்டர் இஞ்சினைத்தான் எடுத்துக்கொண்டார்கள், ஆனால் நீளவாக்கில் திருப்பி வைத்தார்கள். கியர்பாக்ஸையும் பின் டிஃபரன்ஷியலையும் ஒரு அலுமினியச் சட்டத்தால் பிணைத்தார்கள். அதனால் ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் இடையில் குலுங்கல் இல்லாமல் சக்கரம் பதில் சொல்லும். 2016-இல் பத்து லட்சமாவது வண்டி உருவானது.

நம் நாட்டுக்கு அது அதிகாரபூர்வமாக வரவேயில்லை. 1983-இல் மாருதி 800 வந்த பிறகு நம் குடும்பக் கார்களும் ஒவ்வொன்றாக முன்சக்கரத்துக்கு மாறின. 1998-இல் கோவாவில் சான் ஸ்டார்ம் என்ற இரண்டு இருக்கைத் திறந்த காரை ரெனோ இஞ்சினோடு செய்தார்கள். துணிச்சலான முயற்சி, நிலைக்கவில்லை. 2001-இல் வந்த ஃபியட் பாலியோ 1.6 ஜி.டி.எக்ஸ்.தான் எங்கள் தலைமுறைக்குக் கைக்கெட்டிய ஹாட் ஹேட்ச்: 100 குதிரைத் திறன், கனமான ஸ்டீயரிங், கல்போன்ற உறுதி.

அதே ஏற்காட்டில் பாலியோவை ஓட்டியிருக்கிறேன். வளைவுக்குள்ளேயே துணிந்து மிதிக்கலாம். மூக்கு சற்று வெளியே நழுவும். காலைத் தளர்த்தினால் தானே உள்ளே வரும். தவறை மன்னிக்கும் வண்டி. மழை நாளில், பின்சீட்டில் பிள்ளைகள் இருக்கும்போது நான் அதைத்தான் எடுப்பேன். ஆனால் முன்சக்கரங்களே இழுக்கவும் திரும்பவும் வேண்டியிருப்பதால், அழுத்தி மிதிக்கும்போது ஸ்டீயரிங்கில் இஞ்சினின் முரட்டுத்தனம் கலந்துவிடுகிறது. சாலை சொல்வது சரியாகக் கேட்பதில்லை. எனக்கு அந்தப் பேச்சுதான் முக்கியம்.

2016-இல் ஃபோக்ஸ்வாகனின் போலோ ஜி.டி.ஐ. இங்கே 26 லட்சத்துக்கு வந்தது, 99 வண்டிகள் மட்டும். 2025-இல் கோல்ஃப் ஜி.டி.ஐ.யே வந்தது, 53 லட்சத்துக்கு. மலிவு என்ற சொல்லுக்கு அங்கே இடமில்லை. இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கின் பக்கத்தில் ஹூண்டாய் செய்யும் ஐ20 என் லைன் 120 குதிரைத் திறனோடு அதில் பாதிக்கும் குறைவான விலையில் கிடைக்கிறது. மேனுவல் கியர் உள்ளதாக வாங்குங்கள் என்பேன். மாதச் சம்பளக்காரர் வாங்கக்கூடிய, பின்சக்கரம் இழுக்கும் இரண்டு இருக்கை வண்டி ஒன்றை இந்த ஊரில் யாரும் செய்யவில்லை. சென்னையைச் சுற்றி இத்தனை கார் தொழிற்சாலைகள் இருந்தும் செய்யவில்லை என்பதுதான் என் வருத்தம்.